ஒரே ஒரு ஜெட் வைத்த கார்புரேட்டர் ஏன் எல்லா வேகத்துக்கும் ஒத்துவரவில்லை?

திருமங்கலம்_ஆட்டோமொபைல்:

எல்லோருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஆரம்ப காலக் கார்களில் இருந்த மாதிரி, காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் ஒரு கார்புரேட்டரை நாங்களே செய்து ஓட்டிக் காட்டுவதுதான் எங்கள் புராஜெக்ட். உசிலம்பட்டி பக்கம் மாமா தோட்டத்தில் சும்மா கிடந்த பழைய பெட்ரோல் பம்ப்செட் எஞ்சினைக் கொண்டுவந்தோம். லேத்தில் பித்தளை கடைந்து, நடுவில் இடுப்பு ஒடுங்கிய வென்சுரி குழாய் செய்தோம். அதற்குள் ஒரே ஒரு ஜெட், அதாவது பெட்ரோல் வரும் நுண்ணிய துளை. மிதவை வைத்த பெட்ரோல் அறை, அதாவது ப்ளோட் சேம்பர், பழைய பைக்கில் இருந்து எடுத்தது. கார் மாதிரி வேகம் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதால் எஞ்சினை ஒரே வேகத்தில் நிறுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து மூடும் தகடாக ஒரு பட்டர்ஃப்ளை த்ராட்டில் வைத்தோம்.

எஞ்சின் ஓடுகிறது. ஆனால் மெதுவாக ஓடும்போது சரியாக இருக்கிற மாதிரி ஜெட்டை வைத்தால், த்ராட்டில் திறந்ததும் கரும்புகை, பிளக் முழுக்கக் கரி. வேகத்துக்குச் சரி செய்தால், குறைத்த உடனே அணைந்துவிடுகிறது. திடீரென்று திறந்தால் ஒரு நொடி திணறி, கார்புரேட்டர் வாய்ப்பக்கம் 'டப்' என்று அடிக்கிறது.

புத்தகத்தில் "எளிய கார்புரேட்டர் அதிக வேகத்தில் ரிச் ஆகும்", அதாவது கலவையில் பெட்ரோல் கூடிப்போகும் என்று ஒரு வரி இருக்கிறது. ஏன் என்று இல்லை. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லூர்_ரைடர்:

தம்பி, எதற்கு இவ்வளவு பாடு? ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். புல்லட்டில் வரும் மிக்கார்ப் கார்புரேட்டர் பழசு கிடைக்கும். கழுவி, கிட் மாற்றி மாட்டினால் ஐட்லிங் முதல் டாப் வரை வெண்ணெய் மாதிரி ஓடும்.

திருமங்கலம்_ஆட்டோமொபைல்:

நன்றி அண்ணே. ஆனால் வாங்கி மாட்டினால் புராஜெக்ட் இல்லாமல் போய்விடும். ஆரம்பத்தில் எப்படிப் படிப்படியாகத் திருத்தினார்களோ, அந்த வழியிலேயே எங்கள் கார்புரேட்டரைத் திருத்த வேண்டும் என்று ஆசை.

சிம்மக்கல்_டியூனிங்:

தம்பி, இந்த ஆசைக்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சிம்மக்கல்லில் பெட்ரோல் கார்களுக்கு மட்டும் டியூனிங் பார்த்துப் பிழைத்தவன். அம்பாசிடர், பியட், மோரிஸ் மைனர், ஹெரால்டு எல்லாம் என் கையில் ஓடியிருக்கின்றன. கார்புரேட்டர் என்றால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் கலைந்துவிடும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கார்புரேட்டர் செய்த விதத்தில் குறை ஒன்றும் இல்லை. கவர்னரைக் கழற்றினீர்களே, பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. மோட்டார் காரின் சரித்திரத்திலும் இது அதே இடத்தில்தான் ஆரம்பித்தது.

கார்ல் பென்ஸ் 1886-ல் பேடன்ட் வாங்கிய மூன்று சக்கர வண்டியில் ஜெட்டே கிடையாது. ஒரு பாத்திரத்தில் லிக்ராயின் என்கிற லேசான பெட்ரோல் இருக்கும். அதன் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு போகும் காற்று ஆவியை வாரிக்கொண்டு எஞ்சினுக்குப் போகும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பெட்ரோலில் லேசான சரக்கு முதலில் ஆவியாகிவிடும், கனமானது அடியில் தங்கிவிடும். கிளம்பும்போது கிடைத்த கலவை பாதி வழியில் கிடைக்காது. குளிருக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. வண்டி குலுங்கினால் இன்னொரு மாதிரி. இங்கிலாந்தில் லான்செஸ்டர் இதே ஆவி முறையைத் திரி வைத்துச் செய்தார். திரி பெட்ரோலை உறிஞ்சி மேலே கொண்டுவரும், காற்று திரியின் மேல் போகும். குலுக்கலுக்கு அது நன்றாகத் தாங்கியது.

1893-ல் டைம்லருடன் இருந்த வில்ஹெல்ம் மேபாக் வேறு வழிக்குப் போனார். அதே வருஷம் புடாபெஸ்டில் பாங்கி, சொங்கா என்ற இரண்டு பேரும் அதே யோசனைக்குப் பேடன்ட் கேட்டார்கள். பெட்ரோலை ஆவியாக விடுவதற்குப் பதில், பிஸ்டன் இழுக்கும் காற்றின் நடுவில் ஒரு நுண்ணிய துளையை வைத்து, பெட்ரோலையே பொடித் தூறலாகத் தெறிக்க விடுவது. லேசானதும் கனமானதும் சேர்ந்தே போகும், அடியில் எதுவும் மிஞ்சாது. துளைக்குப் பின்னால் மிதவை வைத்த ஒரு சின்ன அறை, பெட்ரோல் மட்டத்தை எப்போதும் ஒரே உயரத்தில் நிறுத்தும். நீ செய்திருப்பது இதைத்தான். அதில் இடுப்பு ஒடுங்கிய குழாய் ஒன்றைச் சேர்த்திருக்கிறாய், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் அவர்களுக்கு ஏன் கரும்புகை வரவில்லை? அந்தக் காலத்து டைம்லர் எஞ்சின் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடும். ஸ்பார்க் பிளக் கிடையாது. பிளாட்டினக் குழாய் ஒன்றை பர்னரில் பழுக்கக் காய்ச்சி வைத்திருப்பார்கள், அது தொட்டுத்தான் கலவை பற்றும். டைமிங்கை முன்னே பின்னே நகர்த்த வழியே இல்லை. வேகம் கூடினால் கவர்னர் எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்கவிடாது. எரிந்த புகை உள்ளேயே நிற்பதால் அந்தச் சுற்றில் புதுக் காற்று உள்ளே வராது. ஆக, எஞ்சின் மூச்சு இழுத்தால் முழு மூச்சு, இல்லையென்றால் மூச்சே இல்லை. ஜெட்டின் மேல் விழும் உறிஞ்சல் எப்போதும் ஒரே அளவுதான். அதற்கு ஒரு ஜெட் தாராளமாகப் போதும். உன் மாமாவின் பம்ப்செட்டும் தோட்டத்தில் கவர்னரோடு ஒரே வேகத்தில் ஓடியதுதானே?

அப்புறம் கரன்ட் வைத்துப் பற்றவைக்கும் முறை வந்தது. டி டியோன்-பூட்டோன் எஞ்சின்கள் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்ற ஆரம்பித்தன. டிரைவர் த்ராட்டில் வைத்து மெதுவாகவும் வேகமாகவும் ஓட்ட விரும்பினார். ஒற்றை ஜெட் அங்கே மாட்டிக்கொண்டது.

ஏன் ரிச் ஆகிறது என்று கேட்டாயே. இரண்டு முனையிலும் காரணம் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது: ஜெட்டின் நுனி, ப்ளோட் மட்டத்தை விடச் சில மில்லிமீட்டர் மேலே இருக்கும். இல்லாவிட்டால் வண்டியைச் சரிவில் நிறுத்தினால் பெட்ரோல் வழிந்துவிடும். உறிஞ்சல் முதலில் பெட்ரோலை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும், நுண்ணிய துளையின் தடையையும் தாண்ட வேண்டும். காற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது பாட்டுக்குப் போய்விடும். ஆக, குறைந்த வேகத்தில் காற்று போகும், பெட்ரோல் வராது. வேகம் கூடும்போது: வென்சுரியின் இடுப்பில் அழுத்தம் குறையக் குறையக் காற்று விரிந்து மெலிகிறது. கன அளவு கூடுகிற அளவுக்கு எடை கூடுவதில்லை. பெட்ரோல் திரவம், அதன் அடர்த்தி மாறாது, இழுத்த இழுப்புக்கு வந்துகொண்டே இருக்கும். ஆக, மேலே போகப்போகப் பெட்ரோல் காற்றை முந்துகிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 12-க்குக் கீழே போனால் புகை, 17, 18-ஐத் தாண்டினால் மிஸ்ஸிங். எல்லா வேகத்திலும் இந்தச் சின்ன இடைவெளிக்குள் நிற்க வைப்பதுதான் அன்றைய எஞ்சினியர்களின் முழு வேலையும்.

கொஞ்ச காலம் இந்த வேலையை டிரைவரே பார்த்தார். கைக்கெட்டும் இடத்தில் காற்றுக்கு என்று தனி லீவர் இருக்கும், சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிக்கொண்டே ஓட்ட வேண்டும். நினைத்துப் பார், திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு கையால் அப்படி ஓட்ட முடியுமா?

1902-ல் பாரிஸில் பான்ஹார்ட் லெவாசோர் கார் கம்பெனியை நடத்திய ஆர்தர் கிரெப்ஸ் இதைத் தானியங்கியாக மாற்றினார். 1884-ல் ரெனாருடன் சேர்ந்து 'லா பிரான்ஸ்' ஆகாயக் கப்பலை ஓட்டிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்த அதே ராணுவ அதிகாரிதான். ஜெட்டைத் தொடாமல், அதற்குப் பிறகு பக்கவாட்டில் இன்னொரு காற்று வழி வைத்தார். உறிஞ்சல் கூடினால் ஒரு ஜவ்வு ஸ்பிரிங்கை அமுக்கும், அந்த வழி திறக்கும், ரிச் கலவையில் கூடுதல் காற்று கலக்கும். நல்ல யோசனை. ஆனால் ஸ்பிரிங், ஜவ்வு என்று அசையும் சாமான் வந்தாலே புழுதி, தேய்மானம், ஒட்டிக்கொள்வது எல்லாம் கூட வரும். நம் ஊர்ப் புழுதியில் வண்டி பார்த்தவனுக்கு இது சொல்லாமலே புரியும்.

என் மனசுக்கு இதில் பெரிய கெட்டிக்காரர் லியோன் நகரத்து பிரான்சுவா பாவ்ரே. 1906. பின்னால் ஜெனித் என்று உலகமெல்லாம் ஓடிய கார்புரேட்டர் இவருடைய யோசனை. அவர் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: ஒரு ஜெட் வேகம் கூடக்கூட ரிச் ஆகிறதா? அப்படியானால் வேகம் கூடக்கூட லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பங்கு குறையும் இன்னொரு ஜெட்டைப் பக்கத்தில் வைத்தால்?

லீன் ஆகும் ஜெட்டுக்கு எங்கே போவது? ப்ளோட் சேம்பரில் இருந்து வரும் இரண்டாவது ஜெட்டை நேராக எஞ்சினின் உறிஞ்சலுக்குக் காட்டாமல், மேலே வாய் திறந்த ஒரு நிமிர்ந்த குழாய்க்குள் விட்டார். அதைக் கிணறு என்றே வைத்துக்கொள்வோம். கிணற்றின் வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதால் எஞ்சின் என்னதான் இழுத்தாலும் அந்த ஜெட்டுக்கு உறைக்காது. ப்ளோட் மட்டத்துக்கும் ஜெட்டுக்கும் உள்ள உயரம் தள்ளுகிற அளவுதான் வரும். தெருக்குழாயில் தண்ணீர் ஒரே அளவில் விழும்போது, வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு அவசரப்பட்டாலும் குடம் சீக்கிரம் நிறையாதே, அது போல. காற்று இரட்டிப்பானாலும் இந்தப் பெட்ரோல் அப்படியே நிற்கும். ஆக விகிதத்தில் இது லீன் ஆகிக்கொண்டே போகும். இரண்டு ஜெட்டையும் கூட்டினால் கோடு கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். அசையும் சாமான் ஒன்றுகூட இல்லை!

இதோடு முடியவில்லை. மெதுவாக ஓடும்போது கிணறு நிரம்பி நிற்கும். நீ திடீரென்று த்ராட்டிலைத் திறந்தால் அந்தச் சேமிப்பு மொத்தமாகப் போய் விழும். நீ சொன்ன 'டப்' அங்கே தீர்ந்துவிடும். த்ராட்டில் திறந்ததும் காற்று உடனே பாய்கிறது, கனமான பெட்ரோல் கிளம்ப ஒரு நொடி பிந்துகிறது, அந்த லீன் நொடியில்தான் வாய்ப்பக்கம் வெடிக்கிறது. ஐட்லிங்கும் இதே கிணற்றில் இருந்துதான். ஒரு மெல்லிய குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி, மறுமுனையை த்ராட்டில் தகட்டின் விளிம்பில் திறந்துவிடுவார்கள். தகடு மூடியிருக்கும்போது வென்சுரியில் உறிஞ்சலே இருக்காது, தகட்டின் விளிம்பில் பலமாக இருக்கும்.

மோரிஸ் மைனரில் வரும் எஸ்யூ கார்புரேட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர்கள், செருப்பு வியாபாரக் குடும்பம். அவர்கள் வழியே தனி. வேகத்துக்கு ஏற்ப உறிஞ்சல் மாறுவதால்தானே தொல்லை? உறிஞ்சல் மாறாதபடி குழாயின் இடுப்பையே பெரிதாக்கிச் சிறிதாக்கினால் போச்சு. முதலில் தோல் துருத்தி வைத்து அதைச் செய்தார்கள், அப்புறம் பிஸ்டன் வந்தது. பிஸ்டனின் அடியில் கூம்பிய ஊசி, அது ஏற ஏற ஜெட் துளை பெரிதாகும். மோரிஸ் மைனர் வந்தால் நான் முதலில் செய்வது, ஐட்லிங்கில் அந்தப் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்கிப் பார்ப்பது. எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். அணையப் போனால் லீன். லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் அதைத் தொடவே கூடாது. மீட்டர் வேண்டாம், விரலும் காதும் போதும்.

உன் புராஜெக்ட்டுக்கு நான் சொல்வது பாவ்ரே வழி. லேத்தும் ட்ரில்லும் இருந்தால் செய்துவிடலாம்.

வத்தலக்குண்டு_ஜீப்:

அண்ணே, அருமையாகச் சொன்னீர்கள். நான் பெட்ரோல் ஜீப்பில் கொடைக்கானல் வாடகை ஓட்டியவன். கீழே கச்சிதமாக டியூன் செய்த வண்டி, பெருமாள்மலை தாண்டும்போது புகை கக்கும், இழுவை போய்விடும். அதுவும் இந்தக் கணக்குதானா?

சிம்மக்கல்_டியூனிங்:

அதேதான் தம்பி. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்று கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. பெட்ரோலின் எடை மாறவில்லை. கலவை பத்து சதவீதம் அளவுக்கு ரிச் ஆகிவிடும். மேலேயே இருக்கும் வண்டிக்கு மெயின் ஜெட் ஒரு நம்பர் சின்னதாகப் போடுவோம். ஏறி இறங்கும் வாடகை வண்டிக்கு அப்படிச் செய்யக் கூடாது. கீழே வந்ததும் லீன் ஆகி வால்வு கருகும்.

கீழேயும் தொல்லை உண்டு, அது வேறு ரகம். அக்னி நட்சத்திரத்தில் மாட்டுத்தாவணி பக்கம் டிராபிக்கில் நின்ற அம்பாசிடர் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. பம்ப்பிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், பம்ப் ஆவியைத்தான் அடித்துக்கொண்டிருக்கும். பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி வைக்காத டிரைவர் அன்றைக்குக் கிடையாது.

திருமங்கலம்_ஆட்டோமொபைல்:

ஐயா, ரொம்ப நன்றி. புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கவர்னரைக் கழற்றியதுதான் காரணம் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு சந்தேகம். கிணற்று ஜெட்டை எந்த உயரத்தில் வைப்பது? ஜெட் அளவு எப்படிக் கண்டுபிடிப்பது?

சிம்மக்கல்_டியூனிங்:

கிணற்று ஜெட் ப்ளோட் மட்டத்துக்கு நன்றாகக் கீழே, கிணற்றின் அடியில் இருக்க வேண்டும். நாலைந்து சென்டிமீட்டர் கீழே வை. ரொம்ப மேலே வைத்தால் மட்டம் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் அளவு மாறிப்போகும். கிணற்றின் வாய் ப்ளோட் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் எஞ்சின் நின்றதும் வழியும். கிணற்றின் அடியில் இருந்து ஒரு குழாய், வென்சுரி இடுப்பில் மெயின் ஜெட்டுக்குப் பக்கத்தில் போய்த் திறக்க வேண்டும்.

அளவுக்கு: இப்போதுள்ள மெயின் ஜெட்டை எடுத்துவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்று செய். இரண்டு ஜெட்டுமே சின்னதாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கு. பித்தளையைப் பெரிதாக்கலாம், திரும்பச் சிறிதாக்க முடியாது. முதலில் லோடு போட்டு, முழுத் த்ராட்டிலில் மெயின் ஜெட்டைச் சரி செய். அப்புறம் நடு வேகத்தில் கிணற்று ஜெட். கடைசியில் ஐட்லிங். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கொஞ்சம் நகரும், மறுபடி முதலில் இருந்து வா. பிளக்கைப் பார்க்கும்போது ஓடுகிற வேகத்திலேயே இக்னிஷனைக் கட் செய்துவிட்டுக் கழற்று. ஐட்லிங்குக்கு இறக்கிவிட்டுக் கழற்றினால் ஐட்லிங்கின் நிறம்தான் தெரியும். கரி படிந்தால் ரிச், வெளுத்தால் லீன், இளம் பழுப்பு வேண்டும்.

இன்றைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஒரு கிலோ எரிய 9 கிலோ காற்றே போதும். ஆக உன் பெட்ரோலுக்கு விகிதம் 14.7 இல்லை, 13.5 பக்கம் வரும். பழைய புத்தகத்தில் உள்ள ஜெட் நம்பரை அப்படியே போட்டால் லீன் அடிக்கும். ப்ளோட் கார்க்கில் செய்ததாக இருந்தால் மாற்றிவிடு. அதன் மேல் பூசியிருக்கும் அரக்கை எத்தனால் கரைத்துவிடும், கார்க் ஊறி மூழ்கும். பித்தளை ப்ளோட்தான் நல்லது.

கவர்னர் இல்லாத எஞ்சின் என்பதை மறக்காதே. த்ராட்டிலுக்கு ஒரு ஸ்டாப்பர் ஸ்க்ரூ வைத்து, எஞ்சின் தாங்குகிற வேகத்துக்கு மேல் திறக்காதபடி செய். லோடு இல்லாமல் முழுக்கத் திறந்தால் கனெக்டிங் ராடு வெளியே வந்துவிடும். கிணற்றின் வாய் திறந்திருக்கிறது, 'டப்' அடித்தால் தீ பிடிக்கும். மூடிய லேபில் ஓட்ட வேண்டாம், பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும்.

வைவாவுக்கு ஒரு வேலை செய். டாங்க்குக்குப் பதில் ஒரு பியூரெட்டை மாட்டு. ஒவ்வொரு வேகத்திலும் 50 மில்லி குறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எழுது. முதலில் உன் ஒற்றை ஜெட்டோடு, அப்புறம் கிணற்றை அடைத்து மெயின் ஜெட் மட்டும், கடைசியில் இரண்டும் சேர்ந்து. மூன்று கோட்டையும் ஒரே கிராஃபில் போட்டால் கேள்வி கேட்பவருக்கு நீ வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. ரீடிங் எடுத்ததும் இங்கே போடு, சேர்ந்து பார்ப்போம்.